ஓடைப்பள்ளத்து இரண்டு பர்லாங்கு

ஆடி 2, செவ்வாய்

எந்த வருஷம் என்று எஞ்சினீயரம்மா கேட்டார்கள். நம்பர் எனக்குத் தெரியாது. பிங்கள வருஷம், ஐப்பசி மாசம். எமர்ஜென்சி போய் ஆட்சி மாறின வருஷம். தீபாவளி முடிந்து இரண்டே நாளில், நாகப்பட்டினத்தில் கரையேறின புயல் நேரே எங்கள் பக்கம் வந்து, அமராவதியும் காவிரியும் சேர்ந்துகொண்டு ஊருக்குள் புகுந்த வருஷம். தீபாவளிக்கு எடுத்த வேட்டியில் வைத்த மஞ்சள்கூட இன்னும் போகவில்லை, அந்த வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தம்மா போனில் தட்டிப் பார்த்து, எழுபத்தேழு என்றார்கள். இருக்கும்.

எனக்கு எழுத்து வராது. மருதை என்ற என் பெயரை எழுதிக்காட்டினால் அது என் பெயர்தானா என்று எனக்குத் தெரியாது. எஞ்சினீயரம்மா பெயர் நஸ்ரின், நெடுஞ்சாலைத் துறை. ஒரு டைரியைக் கொடுத்து, ஞாபகம் வருவதைத் தினம் கொஞ்சம் சொல்லுங்கள் ஐயா, யாராவது எழுதட்டும், மொத்தமாகக் கேட்டால் எதையாவது விட்டுவிடுவீர்கள் என்றார்கள். நான் எதையும் விடுகிற ஆள் இல்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் சுகந்தி எழுதுகிறாள். புருஷன் போனபிறகு என்னோடுதான் இருக்கிறாள். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசிப்பதும் எழுதினதும் ஒன்றுதானா என்பதை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? நம்ப வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரிலிருந்து ஆற்றுப்பாலம் போகிற ரோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் போடப்போகிறார்கள். பெயர்த்த தாரையே மறுபடி அரைத்து, இடித்த வீட்டுச் செங்கல், சிமெண்டுக் கட்டி எல்லாவற்றையும் நொறுக்கி அடியில் போட்டு, மேலே போடுகிற தாரில் பிளாஸ்டிக் குப்பையைக் கலந்து. சுகந்தி வேலை பார்க்கிற குப்பைக் கொட்டகையில்தான் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பொடிப்பொடியாக வெட்டி மூட்டை கட்டுகிறார்கள். ரோடு முழுக்க விரிசல். ஓடைப்பள்ளத்தில் மட்டும் இரண்டு பர்லாங்குக்கு ஒரு கீறல் இல்லை. அங்கே கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். அந்தக் காலத்து ரோட்டு கேங்கில் மிச்சம் யார் என்று விசாரித்து என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று சொன்னேன்.

ஆடி 3, புதன்

மூட்டுவலி. குப்பையில் கிடந்த கண்ணாடிச் சில்லு சுகந்தியின் கையைக் கிழித்துவிட்டது. இன்று இவ்வளவுதான்.

ஆடி 5, வெள்ளி

எஞ்சினீயரம்மா ஒரு உருளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஓடைப்பள்ளத்தில் மெஷினால் துளைபோட்டு எடுத்ததாம். முன்கை தடிமனுக்கு, கரும்புத் துண்டு மாதிரி. மேலே நாலைந்து தடவை போட்ட தார், கறுப்பு. அதற்குக் கீழே சிவப்பும் கறுப்புமாகப் பொடிக்கல். நடுநடுவே சாம்பல் நிறம். நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் தேய்ந்தது.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

வெள்ளம் வடிந்தபோது ஓடைப்பள்ளத்தில் ரோடே இல்லை. குழிதான் இருந்தது. பாலத்தண்டை மண் அரித்ததால் ஜல்லி லாரி இந்தப் பக்கம் வர வழியில்லை. ஓவர்சியர் அவர் வீட்டுக்குள் தண்ணீர் என்று கரூரிலேயே இருந்துவிட்டார். கேங்கில் நாங்கள் பதினோரு பேர். மேஸ்திரி காத்தமுத்து. என்னைவிட இரண்டு வயது பெரியவன், என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுவான். அவன் சம்சாரம் அங்காயியும் கேங்கில்தான். ரோட்டு வேலைக்கு வருமுன் அது மச்சு வீடுகளுக்குத் தளம் அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்பில் குழைத்துப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பலகையால் நாள்கணக்கில் அடிப்பார்களே, அது.

ஆற்றோரம் செங்கல் சூளைகள் எல்லாம் சரிந்து கிடந்தன. பச்சைக்கல் கரைந்து சேறாகிவிட்டது. அதிகமாக வெந்து, முறுகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கோணலாகிப்போன கல் மட்டும் அப்படியே கிடந்தது. யாரும் வாங்காத கல். சூளைக்காரன் தூக்கிக் குப்பையில் போடுகிற கல். அங்காயி அதில் ஒன்றை எடுத்து இன்னொன்றோடு தட்டிப் பார்த்தது. மணி மாதிரி சத்தம் வந்தது.

"மூணு நாள் தண்ணியில கெடந்து கரையாதது, ரோட்டுக்குள்ள போயா கரையப்போகுது?"

சொன்னது இவ்வளவுதான். காத்தமுத்து மறுபேச்சுப் பேசவில்லை. அந்தக் கல்லை உடைத்தோம். ரைஸ்மில் பின்னால் மலையாகக் கிடந்த உமிச்சாம்பலை அள்ளினோம். ஊரில் வீடுவீடாகக் கேட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினோம். மூன்றையும் குழைத்து, பரப்பி, ஆண்கள் திம்சுக்கட்டையால் இடிக்க, பெண்கள் பலகையால் அடிக்க, ஒன்பது நாள். அங்காயி ஏலேலோப் பாட்டு எடுத்துக்கொடுக்கும், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பத்தாம் நாள் பஸ் வந்தது. டிரைவருக்கு மாலை போட்டார்கள். எங்களுக்கு இல்லை.

எஞ்சினீயரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, இதற்கு இப்போது காலேஜில் பாடம் நடத்துகிறார்கள் ஐயா என்றார்கள். காத்தமுத்துவுக்கு ஏதாவது மரியாதை செய்தார்களா என்று கேட்டார்கள்.

வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஆடி 8, திங்கள்

கொட்டகைக்குக் கலெக்டர் வந்தாராம். பிளாஸ்டிக் வெட்டுகிற மெஷினுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்களாம். குப்பை இல்லை இது, வளம் என்று பேசினாராம். சுகந்தி முன்வரிசையில் நின்று கைதட்டினாளாம். சொல்லிச் சிரிக்கிறாள்.

எனக்குத்தான் புரியவில்லை. குப்பையை ரோட்டுக்குள் போட்டான் என்று அன்றைக்கு ஒருத்தன் வேலையைப் பிடுங்கினார்கள். குப்பையை ரோட்டுக்குள் போடுகிறோம் என்று இன்றைக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள். ரோடு அதே ரோடு. இடையில் எது மாறிற்று? கல்லா, மனுஷனா? இதைச் சுகந்தியிடம் கேட்டேன். உங்களுக்கு டீ வேணுமா என்றாள்.

எப்படி எடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினீயரம்மா கேட்பார்கள்.

எங்கள் ஊர் மேட்டில் வேறொரு ரோட்டுக்கு என்று ஒன்பது குவியல் ஜல்லி கிடந்தது. நல்ல நீலக்கல். ஓவர்சியர் பெட்டி வைத்து அளந்து, மேலே சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போயிருந்தார். சுண்ணாம்பு தெளித்த குவியல் என்றால் அளந்தாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப்பிறகு ஓவர்சியர் இல்லாமல் ஒரு கல்லைத் தொடக்கூடாது, வெள்ளை கலைந்தால் தெரிந்துவிடும். இது எல்லா கேங்குக்கும் தெரிந்த கட்டுப்பாடு. ரோடு அறுந்து கிடந்தபோது கேங்கில் செவந்திலிங்கம் சொன்னான், மேட்டில்தான் கல் இருக்கிறதே, அள்ளிப் போடலாம் என்று. காத்தமுத்து கேட்கவில்லை. வெள்ளை அடித்த கல்லைத் தொடமாட்டேன் என்றான். அதனால்தான் சூளைக்கல்லுக்குப் போனான்.

தை பிறந்ததும் பெரிய எஞ்சினீயர் மறு அளவுக்கு வந்தார். மேட்டில் ஒன்பது குவியலும் இல்லை. வெள்ளத்தில் போயிற்று என்று சொல்ல முடியாது, மேட்டுக்குத் தண்ணீர் ஏறவே இல்லை. அப்போது ஓவர்சியர், ஓடைப்பள்ளத்தில் தோண்டிப் பாருங்கள் என்றார். தோண்டினார்கள். செங்கல். சர்க்கார் ஜல்லியை விற்றுவிட்டுக் குப்பையைப் போட்டு ரோட்டை மூடியிருக்கிறான் என்று எழுதினார்கள்.

அந்த ஜல்லிக்குக் காவல் நான்தான்.

இப்போது வாசித்துக் காட்டு என்றேன். கடைசி வரியை அவள் இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆடி 11, வியாழன்

எஞ்சினீயரம்மா பழைய பைல் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டார்கள். பூச்சி அரித்த காகிதம். உங்கள் வாக்குமூலம் இதில் இருக்கிறது ஐயா, படிக்கவா என்றார்கள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் நான் கைநாட்டு வைத்த காகிதம். படிக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"கேங் மஸ்தூர் மருதை ஆகிய நான் கொடுக்கும் வாக்குமூலம் என்னவென்றால், மேற்படி காத்தமுத்து என்பவர் மேற்படி ஜல்லிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியதை நான் நேரில் பார்த்தேன்."

மேற்படி என்கிற வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது. ஆகவே அது நான் சொன்னது இல்லை. எஞ்சினீயரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர்கள், சரிங்க ஐயா, அந்தக் காலத்தில் எழுதுகிறவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார்கள். கைநாட்டு வைக்குமுன் வாசித்துக் காட்டினார்களா என்று கேட்டார்கள். ஓவர்சியர் வாசித்தார். மேற்படி இல்லாமல் வாசித்தார் என்று நினைக்கிறேன். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இப்போது கேட்டால் எப்படி?

அந்த இரண்டு பர்லாங்கைப் பெயர்க்காமல் அப்படியே விட்டு, அதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதப்போகிறார்களாம். யார் செய்த வேலை என்று அதில் பெயர் போட வேண்டும். ரோட்டோரம் ஒரு பலகையும் வைப்பார்கள். ஆனால் காத்தமுத்து பெயருக்கு நேரே திருட்டு என்று பைலில் இருக்கிறது. திருடன் என்று முடித்த பைலை வைத்துக்கொண்டு அவன் பெயரைப் பலகையில் எழுத மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"உங்க பேரைப் போட்டுடறேங்கய்யா. நீங்களும் அங்க வேலை செஞ்சவர்தானே."

உங்கள் இஷ்டம் என்று சொன்னேன். சுகந்தி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆடி 12, வெள்ளி

அந்த ஒன்பது குவியலும் எங்கே போயிற்று அப்பா என்று சுகந்தி கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

சோறு வடித்தாள். குழம்புக்கு உப்பு அதிகம். சாப்பிடும்போது, இரண்டு வருஷம் முன்பு கக்கூஸ் குழி தோண்டினபோது நம் வீட்டுக் கடைக்காலுக்கு அடியில் நீல ஜல்லி வந்ததே, அதில் சில கல்லில் வெள்ளை ஒட்டியிருந்ததே, கொத்தனார்கூட எடுத்துப் பார்த்தாரே என்றாள்.

இதை எழுதாதே என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது.

ஆடி 14, ஞாயிறு

எழுதத்தான் எழுதிவிட்டாளே, இனி மறைத்து என்ன. ஆனால் முழுக்க நான் இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

வெள்ளத்தில் தெருவில் எல்லா மண்சுவரும் கரைந்தது. எங்களுடையதும். சுகந்தியின் அம்மா அப்போது புதுப்பெண், மாரியம்மன் கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தாள். மார்கழிப் பனி. ஓவர்சியர் வந்தார். ஏய் மருதை, கடைக்காலைக் கல்லில் போட்டிருந்தால் வீடு நின்றிருக்கும்டா என்றார். மேட்டு ஜல்லியும் வெள்ளத்தில் போனதாக இருக்கட்டும், இரண்டு குவியலை நீ எடுத்துக்கொள், மீதிக்கு வண்டி வரும், நீ கண்ணை மூடிக்கொள் என்றார். ஏழு குவியல் வண்டியில் போயிற்று. எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு குவியல் எங்கள் வீட்டுக்குள் போயிற்று.

அப்போது இது யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியாது. இது சத்தியம். தெரிந்தபோது கைநாட்டு வைக்கிற நேரம் வந்துவிட்டது.

நான் சொன்னால் ஓவர்சியர் மாட்டுவார். அவர் மாட்டினால் நானும் மாட்டுவேன். வீடு அப்போது ஜன்னல் மட்டம் வரை ஏறியிருந்தது.

குழப்பம் என்னவென்றால், ஜல்லி போட்ட மீதி ரோடெல்லாம் நாற்பத்தாறு வருஷத்தில் எத்தனை தடவை உட்கார்ந்தது, எத்தனை தடவை ஒட்டுப்போட்டார்கள். ஜல்லி போட்ட என் வீடு நிற்கிறது. குப்பை போட்ட ஓடைப்பள்ளமும் நிற்கிறது. இதில் எது நல்ல கல், எது கெட்ட கல்? சுகந்தி பேனாவை மூடிவிட்டு, கல்லைப் பற்றியே பேசுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். பிறகு வந்து இந்த வரியையும் எழுதினாள்.

ஆடி 18, வியாழன்

பதினெட்டாம் பெருக்கு. காவிரியில் முழங்கால் தண்ணீர்தான், பெண்கள் அதற்கும் தேங்காய் உடைக்கிறார்கள். சுகந்தி எலுமிச்சஞ்சோறு கிண்டினாள். எனக்கு ஒரு உருண்டை வைத்தாள்.

காலையில் ஓடைப்பள்ளம் வரை நடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். ரோட்டு வேலை பார்த்தவனுக்குக் கால் சொல்லும். மேட்டிலிருந்து இறங்குகிற வரை ஒரே பொருக்கும் குழியும். அப்புறம் சட்டென்று பாய் விரித்த மாதிரி. மணல் லாரி ஒன்று அந்த இடத்தில் மட்டும் குலுங்காமல் போயிற்று. ஓட்டினவனுக்கு ஏன் என்று தெரியாது.

காத்தமுத்துவை வேலையிலிருந்து எடுத்த மறுநாள் அங்காயி என் புது வீட்டுக்கு வந்தது. இடுப்பில் பெண்குழந்தை. வாசலுக்கு உள்ளே வரவில்லை. கடைக்காலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"மருதையண்ணே, நீங்க நெசமாவே பாத்தீங்களா?"

நான் சாந்து குழைத்துக்கொண்டிருந்தேன். குழைத்துக்கொண்டே இருந்தேன். அது குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. சத்தம் போட்டிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். மற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

காத்தமுத்து பிறகு கல் குவாரிக்குப் போனான். நாலு வருஷத்தில் போய்ச்சேர்ந்தான். அதற்கு நான் காரணம் இல்லை. நெஞ்சுச்சளி. குவாரித் தூசி. கேங்கிலேயே இருந்திருந்தால் குவாரிக்குப் போயிருக்கமாட்டான் என்று சுகந்தி சொல்கிறாள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொல்கிறாள். அவள் சொன்னதாகவே எழுதட்டும்.

ஆடி 20, சனி

எஞ்சினீயரம்மா பலகையின் படத்தைப் போனில் காட்டினார்கள். பச்சை நிறம், வெள்ளை எழுத்து. இதோ உங்கள் பெயர் என்று விரலை வைத்துக் காட்டினார்கள். மூன்று எழுத்து. சின்னதாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்து நாளில் சின்ன விழா, சால்வை போடுவார்கள், வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

வேட்டியும் சட்டையும் துவைத்துக் காயப்போட்டேன். அந்தம்மா போனபின் சுகந்தி, டைரியைக் கொடுத்தனுப்ப வேண்டியதுதானே என்று கேட்டாள். விழா முடியட்டும் என்றேன்.

ஆடி 22, திங்கள்

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. சுகந்தி பேசவில்லை.

ஆடி 23, செவ்வாய்

கொட்டகையிலிருந்து வந்ததும் சுகந்தி பேசினாள். விழாவுக்குக் கொட்டகைப் பெண்களையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். குப்பை பிரிக்கிறவர்கள் சார்பாக அவள்தான் எனக்குச் சால்வை போடவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்களாம். என் மகள் என்பதால்.

"போடமாட்டேன்னு சொல்லலப்பா. ஆனா போடும்போது உங்க மூஞ்சியப் பாக்கமாட்டேன்."

அங்காயிகூட என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டது.

ஆடி 24, புதன்

காலையில் எஞ்சினீயரம்மாவுக்குப் போன் போடு என்றேன். சுகந்தி போட்டு, சத்தமாகப் பேசுகிற பொத்தானை அமுக்கிக் கையில் கொடுத்தாள்.

பலகையில் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். யோசனை அங்காயியுடையது, பொறுப்பு காத்தமுத்துவுடையது. ஜல்லியை அவன் தொடவில்லை. ஏழு குவியல் ஓவர்சியர், இரண்டு குவியல் நான், கடைக்காலைத் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன விஷயமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அல்லது சின்னது இல்லையோ என்னவோ.

லைன் போய்விட்டதோ என்று சுகந்தியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள், இருக்கிறார்கள் என்று.

பிறகு எஞ்சினீயரம்மா மெதுவாகப் பேசினார்கள். திட்டவில்லை. பைலைத் திருத்த வேண்டுமானால் என் ஒரு வாய்வார்த்தை போதாதாம். அன்றைக்கு ஒன்று சொன்னவர் இன்றைக்கு ஒன்று சொல்கிறார் என்பார்களாம். இன்னொருத்தர் சொல்ல வேண்டும். கேங்கில் வேறு யாருமே இல்லை என்று சொன்னீர்களே ஐயா, நிஜமாகவே யாரும் இல்லையா என்று கேட்டார்கள்.

ஒவ்வொரு பேராகச் சொன்னேன். காத்தமுத்து, குவாரியில். வையாபுரி, பாம்பு கடித்து. செவந்திலிங்கம் சர்க்கரை வியாதியில், கால் எடுத்தும் பிழைக்கவில்லை. குப்பாயி, மாரக்கா இரண்டு பேரும் ஒரே வருஷம், சுனாமி வந்த வருஷம், ஆனால் சுனாமியில் இல்லை, சும்மா வயசாகி. பழனியாண்டி குடித்து. ரெங்கன் திருப்பூரில் மகன் வீட்டில் செத்தான். நல்லான் தார் கொப்பரை கவிழ்ந்து. பூவாயி கொரோனாவில், முகத்தைக்கூடக் காட்டவில்லை. மருதை நான் இங்கே இருக்கிறேன்.

பத்து ஆயிற்று ஐயா என்றார்கள் எஞ்சினீயரம்மா. எண்ணியிருக்கிறார்கள்.

கீழச்சாலைப்பட்டி, ரேஷன் கடைக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது வீடு, பேத்தி வீடு என்றேன். கண் பார்வை மங்கல். காது நன்றாகக் கேட்கும். பஸ் அந்த ஊரில் நிற்கும்போதெல்லாம் நான் மறுபக்கத்து ஜன்னலைப் பார்ப்பேன், ஆனால் ஏறுகிறவர்கள் பேசுவது காதில் விழும், அதனால் எனக்குத் தெரியும். நான் சொன்னேன் என்று சொல்லியே கேளுங்கள். நெசமாவே பார்த்தீர்களா என்று அது என்னிடம் கேட்டதற்கு, பார்க்கவில்லை என்று மருதை சொல்லச் சொன்னான் என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

பெயர் என்ன ஐயா என்றார்கள்.

அங்காயி. காத்தமுத்து சம்சாரம் அங்காயி. உயிரோடு இருக்கிறது.